ஏழாவது பத்தியில் ஒரு சின்ன வாசல்

1

எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டுவிழா மலர் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. இருபது பக்கம். அதில் பாதி விளம்பரம்: சவ அடக்கம் செய்து தருகிறவர், பீட்சா கடை, பல் டாக்டர், அப்புறம் இன்னொரு சவ அடக்கக்காரர். நடுவில் இரண்டு பக்கம் மட்டும் பிரான்ஸில் இருக்கும் ஒரு பழைய கோயிலின் வரலாறு. அதன் கீழே பொடி எழுத்தில் ‘பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தவர்: செலின் அந்தோணி’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த செலின் நான்தான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்தவள், ஜெர்சி சிட்டியில் ஆஸ்பத்திரி நர்ஸ், அவளுக்கு என்ன பிரெஞ்சுக் கோயில் வரலாறு என்று. எனக்கே சிரிப்புத்தான் வந்தது. ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் எனக்குச் சோறு போடுவது ஊசி போடத் தெரிந்த கை. பிரெஞ்சு வாயில் வந்தது ஒரே தடவைதான். வந்த புதிதில் பஸ் டிரைவரிடம் வாய்தவறி ‘மெர்சி’ என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பிரெஞ்சு பேசும் ஹெய்ட்டிக்காரி என்று நினைத்து ஊர் விசாரித்தார்.

இந்த இரண்டு பக்கத்தால் எங்கள் வீட்டில் சில விஷயங்கள் மாறிவிட்டன. உடனே எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு நானே அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவேன். என்னை எனக்குத் தெரியும்.

2

முதலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆறு நாளும் யாருக்கு யார் என்று தெரியாத ஓட்டம். நான் காலை ஏழு மணி ஷிஃப்ட். என் கணவர் அந்தோணி ஜர்னல் ஸ்கொயரில் ரயில் பிடித்து மன்ஹாட்டனில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினாலு வயது, ஹைஸ்கூல். இங்கே வரும்போது ஐந்து வயது, தமிழ் தவிர வேறு ஒரு வார்த்தை தெரியாது. இப்போது நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். ஸ்கூலில் ஒரு அந்நிய மொழி எடுக்க வேண்டும் என்றபோது பிரெஞ்சு எடுத்தாள். தமிழ்தான் உனக்கு அந்நிய மொழி ஆகிவிட்டதே, அதை எடு என்று ஒருநாள் எரிச்சலில் சொன்னேன். அதற்கு ஸ்கூலில் டீச்சர் கிடையாது என்று பொறுப்பாகப் பதில் சொன்னாள்.

ஞாயிறு பதினொரு மணிப் பூசைக்கு மூன்று பேரும் நடந்து போவோம். கோயிலின் பெரிய வாசல் தெருவைப் பார்த்தபடி, பதினோரு படியோடு இருக்கிறது. நாங்கள் அதைத் தாண்டி, கட்டிடத்தைச் சுற்றி, பக்கவாட்டில் சக்கர நாற்காலிகளுக்காகச் சரிவு வைத்த சின்ன வாசலால் உள்ளே போவோம். போய் இடது பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவோம். ஒன்பது வருஷமாக இதே வழி, இதே பெஞ்சு. ஏன் சுற்றிப் போகிறோம் என்று ஸ்டெல்லா சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். படியில் பனி வழுக்கும் என்று சொன்னேன். ஜூலை மாதத்தில் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

எங்கள் பங்கில் நாலு தமிழ்க் குடும்பம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் ஜெபமாலை சொல்வோம். இதை ஆரம்பித்து நடத்துவது பிலோமினா அக்கா. டாக்டர் வீட்டம்மா, காரைக்கால்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். நல்ல மனுஷி. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் மூவருக்கும் கோட்டு கொடுத்தவர் அவர்தான். ஸ்டெல்லாவுக்கு அம்மை போட்டபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்தான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பிலோ அக்கா என்னை முதலில் பார்த்த நாளில், என்ன ஊர், யார் மகள் என்று விசாரித்துவிட்டு, “கோயில்ல நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

வெளியாருக்கு இது சாதாரணக் கேள்வி. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இதன் அர்த்தம் தெரியும். நாங்கள் சாதி என்ன என்று வாய்விட்டுக் கேட்க மாட்டோம், அது கிறிஸ்தவப் பண்பு இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்போம். எங்கள் ஊர்க் கோயிலில் நடு மண்டபம் மேல்சாதிக்காரர்களுக்கு. இடது கைப் பக்கம் ஒரு நீட்டல், அதற்குத் தனியாக ஒரு சின்ன வாசல், அது எங்களுக்கு. இடையில் ஒரு கம்பி இருந்தது. நான் பிறப்பதற்குச் சில வருஷம் முன்னாலேயே கம்பியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஆள் ஒருத்தர்கூட நடுவில் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கம்பி இருந்த இடம் தரைக்குத் தெரியவில்லை, எங்கள் காலுக்குத் தெரிந்தது.

பிலோ அக்காவிடம், “பாட்டுக்காரங்க பக்கம்” என்று சொன்னேன். பாட்டுக்குழு நடு மண்டபத்தில் உட்காரும். பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து, இந்தப் பொய் வெளியே வந்தால் இந்த நாலு வீட்டு உறவும் போய்விடும் என்கிற பயம் எனக்கு. ஸ்டெல்லாவிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத ஊருக்குத்தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன்.

3

இனி மலர் கதை. எங்கள் பங்கைத் தொடங்கியவர் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு சாமியார். அவர் பிறந்த ஊர் அந்த நாட்டின் தென்மேற்கே மலை அடிவாரத்தில் இருக்கிறதாம். இப்போதைய பங்குச் சாமியார் அந்த ஊருக்குக் கடிதம் எழுத, அவர்கள் தங்கள் கோயில் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் எழுதியது. மெல்லிசுதான், நம் ஊர் மாத நாவல் அளவு இருக்கும். அதன் முடிவில் பதினோரு பத்தியில் ஒரு சுருக்கம் இருந்தது, அதை மலரில் போட வேண்டும். பங்கில் இத்தாலியன் தெரிந்தவர்கள் ஐம்பது பேர், ஸ்பானிஷ் நூறு பேர், பிலிப்பைன்ஸ் மொழி தெரிந்தவர்கள் அதற்கும் மேல். பிரெஞ்சுக்கு ஆள் இல்லை. பிலோ அக்காதான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பேசும் அளவுக்குப் பிரெஞ்சு தெரியும், ஆனால் எழுத்து ஓடாது. நான் கன்னியர் மடத்து மதர்மார் பள்ளியில் பிரெஞ்சிலேயே படித்தவள். என் அப்பா சொல்தா, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்தவர். அதனால் எனக்கு அங்கே இடம் கிடைத்தது.

சாயங்காலங்களில் சமைத்து முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். பள்ளியில் பரிசாக வந்த அகராதி ஒன்றை இங்கேயும் தூக்கி வந்திருந்தேன், அதை இங்கே முதல் தடவையாகத் திறந்தேன். சிக்கல் பிரெஞ்சில் இல்லை, இங்கிலீஷில்தான். எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி இங்கிலீஷ். மனிதன் உடம்பில் இருக்கும் எலும்பு அத்தனைக்கும் பெயர் சொல்வேன். கோயில் உடம்புக்குத் தெரியாது. நடு மண்டபத்துக்கு என்ன, உத்தரத்துக்கு என்ன, தீர்த்தத் தொட்டிக்கு என்ன என்று சாமியாருக்கு போன் பண்ணிக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

வரலாறு சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. எண்ணூறு வருஷத்துக்குக் குறையாத கோயில். யாத்திரை போகிறவர்கள் மலை ஏறுமுன் தங்கிப் போவதற்காகக் கட்டியது. ஆற்றுக் கல்லால் சுவர், தடித்த தூண், சின்னச் சின்ன ஜன்னல். ஒருதடவை மணிக்கூண்டு இடிந்து விழுந்தது. அதை ஊரார் திரும்பக் கட்டினார்கள், ஆனால் கொஞ்சம் சாய்வாகக் கட்டிவிட்டார்கள். மதச் சண்டையில் ஒருதடவை தீ வைத்தார்கள். புரட்சிக் காலத்தில் மணிகளை இறக்கி உருக்க எடுத்துப்போனார்கள். கோயிலுக்குள் வைக்கோல் அடைத்தார்கள். சாமியார் ஒரு விவசாயி வீட்டுப் பரணில் ஒளிந்திருந்து பூசை வைத்தார். இத்தனைக்கும் நடுவில் கூரை மட்டும் அசையவில்லை. ஓக் மரத்தில் செய்த கூரை, ஒரு ஆணி கிடையாது, மரத்துக்குள் மரம் கோத்துச் செய்தது. அந்த வாத்தியார் நாலாவது பத்தி முழுக்க அந்தக் கூரையைப் புகழ்ந்திருந்தார். நானும் அனுபவித்து எழுதினேன்.

4

ஏழாவது பத்தி இப்படி ஆரம்பித்தது: ‘கோயிலின் வடக்குச் சுவரில், இன்று கல் வைத்து அடைத்திருக்கும் ஒரு சின்ன வாசலைக் காணலாம்.’

அது ‘ககோ’ என்று அழைக்கப்பட்ட ஜனங்களின் வாசல். குனிந்துதான் உள்ளே வர முடியும், அவ்வளவு உயரம்தான். அவர்களுக்கு உள்ளே தனி மூலை, தனித் தீர்த்தத் தொட்டி. சில ஊர்களில் நற்கருணையை அவர்களுக்குக் கையால் கொடுக்காமல் ஒரு குச்சியின் நுனியில் வைத்து நீட்டுவார்களாம். கல்லறையும் தனி. சட்டையில் வாத்துக்கால் மாதிரி ஒரு சிவப்புத் துணி தைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் அவர்களுக்குள்ளேயேதான். அவர்கள் பேசியதும் அதே மொழி, கும்பிட்டதும் அதே சாமி, முகமும் அதே முகம். ஏன் ஒதுக்கினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது என்று வாத்தியார் எழுதியிருந்தார். அவர்களுக்கு விட்டிருந்த தொழில் தச்சு வேலை. நாலாவது பத்தியில் புகழ்ந்த அந்தக் கூரையைச் செய்தது அவர்கள்தான்.

படித்ததும் முதலில் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். சின்ன வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தது என்னவென்றால், இந்தச் சனியன் நம் ஊரோடு போச்சு, வெள்ளைக்காரனுக்கு இது கிடையாது. மதர்மாரும் அப்படித்தான் சொன்னார்கள். பிரான்ஸில் எல்லாரும் சமம், உங்கள் ஊரில்தான் இப்படி. சொல்லிவிட்டுப் பூசைக்கு எங்களை வரிசையாகச் சின்ன வாசலுக்குக் கூட்டிப் போவார்கள்.

அப்புறம் கோபம் வந்தது. எங்கள் ஊருக்கு வந்த வெள்ளைக்காரச் சாமியார்கள் பாவம், உள்ளூர்க்காரர் பிடிவாதத்துக்கு வளைந்துகொடுத்தார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். பக்க வாசல் என்றால் என்னவென்று அவர்களில் சிலருக்காவது முன்பே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூரை போட்டவனைக் குனிந்து வா என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வந்திருக்கிறது.

இவ்வளவு கோபப்பட்டவள் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது இதுதான். ஏழாவது பத்தியை விட்டுவிட்டு எட்டாவதுக்குப் போய்விட்டேன். மலர் பிலோ அக்கா கைக்குப் போகும். அவர் காரைக்கால்காரர். இந்தப் பத்தியைப் படித்தால் நம் ஊர்ப் பேச்சு வரும், பேச்சு வந்தால் எந்தப் பக்கம் என்பது வரும். எதற்கு வம்பு?

5

இது எனக்குப் புதிது இல்லை. முன்பு ஒருதடவையும் செய்திருக்கிறேன்.

கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான் பிறந்த காலத்தில் எங்கள் ஊரில் அதெல்லாம் யார் வாங்கினார்கள்? பங்கு ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து ஒரு நகல் எழுதி வாங்கி வந்திருந்தேன். பிரெஞ்சில் ஏழு வரி: பெயர், பிறந்த நாள், தகப்பன், தாய், ஞானப் பெற்றோர், தகப்பன் தொழில், அப்புறம் சாதி. எங்கள் சாதிப் பெயர் இங்கிலீஷ் அகராதியிலேயே இருக்கிறது. உலகம் ஏதாவது ஒரு நாட்டை ஒதுக்கிவைத்தால் இங்கே பேப்பரில் அந்த நாட்டுக்கு எங்கள் பெயரை வைத்து எழுதுகிறார்கள். அதை எழுதுகிறவர்களுக்கு அது யாருடைய பெயர் என்று தெரியாது.

நானே மொழிபெயர்த்து, ஆறு வரியோடு நிறுத்திவிட்டேன். இமிக்ரேஷன் ஆபீஸில் என் பேப்பரைப் பார்த்தவர் ரொம்ப நிதானமான மனிதர். பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார். இங்கே ஏழு இருக்கிறது, அங்கே ஆறுதான் இருக்கிறதே, கடைசி வரி என்ன என்று கேட்டார். அப்பாவின் வேலையை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்து அந்தோணியிடம் சொன்னேன். “விடேன், கார்டு வந்தா சரி” என்றார். கார்டு வந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆபீஸ் கவர் எது வந்தாலும், அந்த ஏழாவது வரிக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பிரிப்பேன்.

6

மொழிபெயர்ப்பை டைப் அடித்துக் கொடுப்பதாக ஸ்டெல்லா ஒப்புக்கொண்டாள். அவளாகக் கேட்டு வாங்கிய வேலை, எனக்குச் சந்தோஷம். அறையில் டைப்ரைட்டர் சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

கையில் அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். இதில் பதினோரு பத்தி இருக்கிறது, நீ பத்துதான் எழுதியிருக்கிறாய் என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஆபீஸர் பேனா எனக்கு ஞாபகம் வந்தது. அது தேவையில்லாத பத்தி என்றேன். தேவையில்லாததா, இருப்பதிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது, ஒரு ரகசிய வாசல் பற்றி வருகிறதே என்றாள். ஸ்கூல் பிரெஞ்சை வைத்துத் தட்டுத்தடுமாறிப் பாதி படித்திருந்தாள். யார் இந்த ஜனங்கள், என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்டாள்.

ஒன்றும் செய்யவில்லை, போய் வேலையைப் பார் என்று சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டால் அவள் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கம். அன்றைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். “ஒய் ஆர் யூ மேட், மாம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தோணி பேப்பரை மடித்து வைத்தார். இவர் எப்போதும் விடேன் என்று சொல்கிற மனுஷர். அன்றைக்கு மட்டும், “சொல்லிடு செலின். எத்தனை நாளைக்கு?” என்றார்.

சொன்னேன். பெரிய கதையாக ஒன்றும் இல்லை, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்க் கோயில், இடது பக்கம், சின்ன வாசல், கம்பி. நற்கருணை நன்மை வாங்க அவர்கள் எல்லாரும் வாங்கி முடித்தபின் எங்களைக் கூப்பிட்டது. என் அப்பா சைகோனில் காயம்பட்டு மெடலோடு திரும்பியவர். அவரைப் புதைத்தது கல்லறைச் சுவருக்கு எந்தப் பக்கம் என்பது வரைக்கும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாற்றும்போது பேஷன்ட் விவரம் சொல்கிற குரலாக இருந்தது. அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை.

ஸ்டெல்லா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதனால்தான் நாம் இங்கேயும் சுற்றிப் போகிறோமா?

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை. பனி வழுக்கும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் என்னை அந்த வாசலுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய வாசல் அகலத் திறந்து கிடந்தது, வாசலில் நின்ற ஆள் குட்மார்னிங்கூடச் சொன்னார். நாங்கள் அவருக்கும் குட்மார்னிங் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனோம். என் கால் போயிற்று, பின்னால் இவர் கால் போயிற்று, நடுவில் கையைப் பிடித்துக் குழந்தையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம். ஒன்பது வருஷமாக அவளுக்கு அந்த வழியை நான் பழக்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என் சாதியை நினைத்து இல்லை.

7

மறுநாள் ஏழாவது பத்தியை எழுதினேன். ஒரு வார்த்தையும் விடவில்லை, குச்சியையும் விடவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். ‘மொழிபெயர்த்தவரின் குறிப்பு: இதுபோன்ற வாசல் உள்ள ஒரு கோயிலில்தான், இந்தியாவில், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான் அந்த வாசலால் போனவள்.’ ஸ்டெல்லா டைப் அடித்தாள். இரண்டாவது வாக்கியத்தை அடிக்குமுன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடி என்றேன்.

சாமியார் படித்துவிட்டுப் போன் பண்ணினார். இந்துக்களுக்குள்தானே அப்படி, நீங்கள் எல்லாரும் கத்தோலிக்கர்தானே என்று கேட்டார். ஆமாம் பாதர், எல்லாரும் கத்தோலிக்கர்தான் என்றேன். விழா மலரில் இது வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மலரில் இடம் இருக்கிறது, ஒரு விளம்பரம் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

8

விழா அன்று பூசை முடிந்து, கீழே ஹாலில் காபியும் டோனட்டும். மலரை எல்லாரும் வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒருத்தர் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோ அக்கா மூலையில் நாற்காலி போட்டு, கண்ணாடியை மாட்டி, நடுப்பக்கத்தைப் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்தார். எழுந்து என்னிடம் வந்தார். ஸ்டெல்லா என் பக்கத்தில் டோனட் தின்றுகொண்டு நின்றாள்.

கோபமாக வருவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது.

“எதுக்கு செலின் இதெல்லாம் எழுதணும்? எனக்குத் தெரியாதா? மொத ஞாயித்துக்கிழமையே தெரியும். நடுவுல அத்தனை பெஞ்சு காலியா கெடக்குது, நீங்க மூணு பேரும் சைடு வாசலால வந்து கடைசில உக்காந்தீங்க. பாட்டுக்காரங்க பக்கம்னு சொன்ன, சரின்னு விட்டுட்டேன். இத்தனை வருஷத்துல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?”

அவர் சொன்னது உண்மை. யாரிடமும் சொல்லவில்லை. அதை ஒரு உபகாரமாகத்தான் இத்தனை காலம் செய்துவந்திருக்கிறார். என் பொய்யைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எல்லாம் எனக்கே தெரியாமல் அவர் போட்ட பிச்சையாக இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சோடா கேன் ஞாபகம் வந்தது. ஜெபமாலை எங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் பிலோ அக்காவுக்கு ஒருசந்தி விரதமாக இருக்கும், இல்லாவிட்டால் வயிறு சரியில்லாமல் இருக்கும். “ஒண்ணும் வேணாம் செலின், ஒரு கேன் குடு போதும்” என்பார். நான் அவருக்காகவே ஞாபகமாக வாங்கிவைப்பேன். அவரே அதை உடைத்து, அதிலிருந்தே குடிப்பார். கிளாஸ்கூடக் கேட்க மாட்டார். பாவம், தொந்தரவு கொடுக்காத மனுஷி என்று அந்தோணியிடம் சொல்லியிருக்கிறேன். மற்ற வீடுகளில் அவர் இடியாப்பம் தின்று பார்த்திருக்கிறேன். இதோ இந்த ஹாலில் யாரோ ஊற்றிக் கொடுத்த காபி கையில் இருக்கிறது.

“யார்கிட்டயும் சொல்லலக்கா. ஆனா எங்க வீட்ல ஒருநாளாவது ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

அவர் காபிக் கப்பைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். டாக்டர் காரில் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் தமிழில்தான் நடந்தது, எல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தது.

9

அடுத்த ஞாயிறு ஈரப் பனி. பெரிய வாசல் வந்ததும் நான் நின்றேன். ஸ்டெல்லா பழக்கத்தில் இரண்டு எட்டு தாண்டிப் போய்விட்டுத் திரும்பினாள். “மாம், இட்ஸ் ஜஸ்ட் எ டோர்” என்றாள். அவளுக்கு அது வெறும் வாசல்தான், அப்படியே இருக்கட்டும். எனக்கு இன்னும் அப்படி ஆகவில்லை என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினேன். அந்தோணி, முட்டி வலிக்கிறது, நான் சரிவு வழியாகவே வருகிறேன் என்றார். அவருக்கு நிஜமாகவே முட்டி வலிதான். ஆறாவது படியில் வழுக்கியது. பனி வழுக்கும் என்று இத்தனை வருஷம் சொன்னதில் அந்த மட்டுக்கு உண்மை இருந்திருக்கிறது. உள்ளே போய் நடுவில், நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். பூசை முடியும்வரை முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஜெபமாலை, எங்கள் வீட்டு முறை. யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்று வீடும் வந்தது. பிலோ அக்காவும் டாக்டரும் கடைசியாக வந்தார்கள். அவர் எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எல்லாருக்கும் காபி கலந்தேன். ஸ்டெல்லா தட்டில் வைத்து எடுத்துப் போனாள், பிலோ அக்கா முன்னாலும் ஒரு கப் வைத்தாள். நான் அடுப்படியிலேயே நின்றேன். அங்கிருந்து கூடம் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும்.

பிலோ அக்கா குரல் கேட்டது. “ஸ்டெல்லா, கேன் ஏதாச்சும் இருக்காம்மா?”

நான் அந்த வாரம் கேன் வாங்கவில்லை. வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. வெளியாள் முன்னால் அவள் தமிழ் பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. உச்சரிப்பு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

“இல்ல ஆன்ட்டி. காபிதான் இருக்கு. அம்மா போட்டது.”

கூடத்தில் கப் சாஸரில் உரசும் சத்தம் கேட்டது. எடுத்த சத்தமா, தள்ளிவைத்த சத்தமா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. என் வேலை காபி போடுவது, போட்டாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலையை எடுத்தேன்.